மச்சாது என்றால் கோடரி: குடும்பப் பெயரிலிருந்து விசுவாசப் பாடம் எடுக்கலாமா?

சலாபம்:

அன்பர்களே, ஒரு யோசனை வேண்டும். கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் தூத்துக்குடியில் ஒன்றுகூடுகிறோம். மும்பை, கொழும்பு, துபாய் என்று சிதறிக் கிடப்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள். சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளுக்குப் போட்டி என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேர ஆன்மிகப் பகிர்வு என் தலையில் விழுந்துவிட்டது.

எங்கள் குடும்பப் பெயரையே தலைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நாங்கள் மச்சாது. போர்த்துக்கீசியர் வாயில் அது மச்சாடோ. கோடரி என்று பொருள். 1147இல் மூர்கள் என்ற முஸ்லிம்களிடமிருந்து சந்தாரெம் கோட்டையைப் பிடித்தபோது கோடரியால் கதவைப் பிளந்த வீரன் ஒருவனுக்கு இந்தப் பெயர் வந்ததாகப் போர்ச்சுகலில் ஒரு வம்சக் கதை சொல்வார்கள். கோடரி ஏற்கெனவே மரங்களின் வேர் அருகே இருக்கிறது என்று திருமுழுக்கு யோவான் எச்சரிக்கும் மத்தேயு 3:10ஐ இதோடு சேர்த்துவிட்டால் பேச்சு தானாக அமைந்துவிடும்.

சம்பந்திகளையும் விட்டுவைக்கப் போவதில்லை. பெரைரா என்றால் பேரி மரம். நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும். கோஸ்தா என்றால் கரை. உயிர்த்த ஆண்டவர் கரையில் நின்றுதான் சீடர்களைக் கூப்பிட்டார். கர்வாலோ என்றால் கருவாலி மரம்; ஆபிரகாம் கருவாலி மரங்களின் அருகேதான் கூடாரம் போட்டார். சில்வா என்றால் காடு. அதற்கு மட்டும் இன்னும் வசனம் சிக்கவில்லை.

இப்படிச் செய்யலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

தாமிரபரணி:

ஸ்தோத்திரம் சகோதரரே. செய்யலாம், கைதட்டலும் கிடைக்கும். பேரி மரத்துக்கு ஒரு வசனம், காட்டுக்கு ஒரு வசனம் என்று தேடினால் வேதாகமத்தில் கிடைக்காத பொருள் ஏது? உப்பு, எண்ணெய், ஊசி, ஒட்டகம், எல்லாம் இருக்கிறது. எங்கள் சபையில் ஒருவர் தம் பேரனுடைய மோட்டார் சைக்கிளின் பெயருக்கே வசனம் கண்டுபிடித்தார். அது வேத தியானம் ஆகாது, சீட்டுக் குலுக்கல்தான்.

இரண்டாவது, சந்தாரெம் கதவை உடைத்தவன் உங்கள் பாட்டன் இல்லை. அந்த 1147இல் உங்கள் முன்னோர் இங்கே கொற்கைக் கடலில் முத்துக்குளித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் வீட்டு வீரக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, 'நாம் அந்த வம்சம்' என்று நம்ப வைக்கப் போகிறீர்களா? வேற்றுமையான உபதேசத்தோடு முடிவில்லாத வம்சவரலாறுகளையும் ஒதுக்கிவிடு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை வாசித்துவிட்டுப் பேச எழும்புங்கள்.

மூன்றாவது, மத்தேயு 3:10ஐ எடுத்தீர்கள், சரி. அதற்கு முந்தின வசனத்தை ஏன் விட்டீர்கள்? 'ஆபிரகாம் எங்கள் தகப்பன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளாதீர்கள், இந்தக் கல்லுகளாலேயே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டாக்கத் தேவனால் முடியும் என்கிறான் யோவான். கோடரி வருவது அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான். வம்சப் பெருமையை வெட்ட வந்த கோடரியை எடுத்து வம்சப் பெருமைக்கே முத்திரையாகப் பதிக்கிறீர்கள்.

ஏட்டுப்புழு:

தாமிரபரணி ஐயா காரமாகச் சொன்னாலும் ஒன்பதாம் வசனத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெயரையே தூக்கி எறிய வேண்டாம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால், அகராதியில் கிடைப்பதைவிட நல்ல பாடம் அதில் இருக்கிறது.

1530களில் முத்துக்குளித்துறை என்ற இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில், சலாபம் அண்ணனின் முன்னோரான பரதவருக்கும், முத்து வணிகத்தில் இருந்த முஸ்லிம்களுக்கும் கடும் பகை. அடிதடி, உயிர்ச்சேதம். குதிரை வணிகரான ஜோவாவோ தா குரூஸ் சொன்ன யோசனையின்படி பட்டங்கட்டிகள் என்ற ஊர்த் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அங்கிருந்து மிகுவேல் வாஸ் என்ற குருவும் மற்றவர்களும் வந்தார்கள். 1537க்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஞானத் தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயர், குருவின் பெயர், அதிகாரியின் பெயர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆகவே சலாபம் அண்ணனின் குடும்பத்துக்கு மச்சாது என்ற பெயர் இரத்தத்தில் வரவில்லை. தண்ணீரில் வந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஊரில் பாதிப் பேருக்கு 'எங்கள் உடம்பில் போர்த்துக்கீசிய இரத்தம் ஓடுகிறது' என்று ஓர் அசட்டு நம்பிக்கை உண்டு. கண் கொஞ்சம் பூனைக்கண்ணாக இருந்துவிட்டால் போதும், லிஸ்பனில் இருந்தே வந்துவிட்டதாக நினைப்பு.

இன்னொன்று. பெயர் வந்த நாளில் விசுவாசம் வரவில்லை. திருமுழுக்குக் கொடுத்தவர்கள் கொச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் வந்த இயேசு சபைக் குரு சவேரியார், அந்தச் சபையின் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதற்கு மேல் ஒரு பதிலும் வரவில்லை, போர்த்துக்கீசியரின் மொழி தெரியாததால் நம்ப வேண்டியது எது என்பதும் இவர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறார். பிறகுதான் அவர் ஆட்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அடைக்கலம் தேடிப் போன இடத்தில் ஒரு பெயர் கிடைத்தது; அந்தப் பெயருக்குள் விசுவாசம் குடியேற ஒரு தலைமுறை பிடித்தது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் போன்ற சீர்திருத்த சபைப் போதகர்கள் இவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பாதுகாப்புக்காகவே சேர்ந்தவர்கள் என்றால், பாதுகாப்புத் தர வேண்டியவன் மாறிய அன்றே இவர்களும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? உங்கள் அரை மணி நேரத்தில் இருபது நிமிடத்தை இதற்குக் கொடுங்கள்.

பனையடி:

இழை என்னைத் தூண்டிவிட்டது, எழுதிவிடுகிறேன். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். முன்னோர் பனையேறிகள். எங்களுக்குக் கோடரியும் இல்லை, பேரி மரமும் இல்லை, அரிவாளும் பாளையும்தான்.

திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லாமல் இருந்தபோது உறவுக்காரர் ஒருவர் என்னை ஒரு செபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் இருந்தவர் முதலில் என் தாத்தா பெயரைக் கேட்டார், அடுத்து அவர் செய்த தொழிலைக் கேட்டார். 'கள் இறக்கிய கை. மூன்றாம் நான்காம் தலைமுறை வரை சாபம் தொடரும். முறிக்க வேண்டும்' என்றார். ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்கு தலைமுறைப் பெயர்களை எழுத வேண்டும், பக்கத்தில் ஒவ்வொருவரும் செய்த பாவத்தை எழுத வேண்டும், கடைசிக் கட்டத்தில் காணிக்கைத் தொகை. என் அம்மாச்சியின் பெயருக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிவதற்கு முன் பதநீர் காய்ச்சி, கருப்பட்டி வார்த்து, அந்தக் காசில் என் அம்மாவை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிய மனுஷி. அந்தக் கட்டத்தில் நான் எதை எழுதுவது? படிவத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே சலாபம் அண்ணா, 'முன்னோரிடமிருந்து ஆவிக்குரிய பாடம்' என்று யாராவது தொடங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆசீர்வாதம் பெயரில் இறங்கும் என்றால் சாபமும் பெயரில் இறங்கும் என்று அடுத்த மேடையில் ஒருவர் சொல்லுவார். முதலாவதுக்கு ஆமென் சொல்லிவிட்டு இரண்டாவதை எப்படி மறுப்பீர்கள்?

தாமிரபரணி:

சகோதரி, அந்தப் படிவத்துக்குப் பதில் எசேக்கியேல் 18. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஊரெல்லாம் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தது. இனி அந்தப் பழமொழியையே சொல்லக் கூடாது என்று ஆண்டவர் தடை போட்டார். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? படிவம் அச்சடித்தவருக்கு அந்த அதிகாரம் தெரியாமல் இருக்காது. காணிக்கைக் கட்டம் அதில் இல்லையே, என்ன செய்வார்!

உங்கள் அம்மாச்சியைப் பற்றி ஒன்று. பவுல் 'முடிவில்லாத வம்சவரலாறு வேண்டாம்' என்று முதல் நிருபத்தில் சொன்னவர்தான். அதே தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். பாட்டிமாரை நினைப்பதற்குத் தடை இல்லை. நான் சீறியது கோட்டைக் கதவுக் கதைக்குத்தான்.

வட்டுக்கோட்டைப் பேரன்:

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சிறு குறிப்பு. உங்களுக்கு ஞானத் தகப்பன் பெயர் கொடுத்தான். எங்களுக்குக் காசு அனுப்பியவர் பெயர் கொடுத்தார். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அமெரிக்க மிஷனின் மற்ற விடுதிப் பள்ளிகளிலும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளை, ஆர்னோல்ட் ஆனது இந்த வழக்கத்தில்தான்.

எங்கள் குடும்பத்திலும் அப்படி ஓர் ஆங்கிலப் பெயர் மூன்று தலைமுறை ஓடி, பிறகு நின்றுவிட்டது. சின்ன வயதில் எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும்: கடலுக்கு அப்பால் இருந்து பணம் கட்டியவர், நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்பதுபோல ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பதா? இன்றைக்கும் அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனால் தாம் காணப்போகாத ஊரில், காணப்போகாத ஒரு சிறுவனுக்காக ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியவரை நினைத்தால் கை கூப்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

தாமிரபரணி:

எங்கள் பக்கம் ஆட்களுக்குப் பதில் ஊர்களுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். டோனாவூர் என்பது டோனா என்ற பிரஷ்ய நாட்டுப் பிரபுவின் பெயர். நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர். சாயர்புரமும் அப்படித்தான். ஆனால் முதலூர் வேறு கதை. 1799இல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி, துன்புறுத்தலுக்கு ஆளான விசுவாசிகளைக் குடியேற்றினார். முதல் ஊர், அதனால் முதலூர்.

தெற்குத் தெரு:

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கெடுத்துவிடுகிறேன்.

கத்தோலிக்க ஊர் ஒன்றின் தெற்குத் தெருவில் பிறந்தவன் நான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. திருமுழுக்குப் பதிவேட்டில் என் பூட்டனார் பெயர் இருக்கிறது, பக்கத்தில் சாதிப் பெயரும் இருக்கிறது. அதுதான் எங்களுக்குத் திருச்சபை எழுதிக்கொடுத்த குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருந்தது. அதற்கு எந்தப் பக்கம் போவது என்பதை அந்த ஒரு சொல்தான் முடிவுசெய்தது.

கடற்கரையில் ஒருவர் பர்னாந்து என்றோ மச்சாது என்றோ சொன்னால் என்ன நடக்கிறது? கேட்பவருக்குச் சாதி தெரிந்துவிடுகிறது. போர்த்துக்கீசியப் பெயர் ஐந்நூறு ஆண்டில் சாதிப் பெயர் ஆகிவிட்டது. வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண்பதற்கென்றே கோயிலை இரு பிரிவாகக் கட்டினார்கள். தடுப்பை 1910இல் இடித்தபோது நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் என்பவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022 மே 15ஆம் தேதி அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் 'பிள்ளை' இல்லை. சாதி ஒட்டு வேண்டாம் என்று விண்ணப்பம் போனது, ரோம் எடுத்துவிட்டது. எடுத்ததற்கு இங்கே எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஆகவே சலாபம் அவர்களே, முன்னோர் பெயரில் பாடம் எடுப்பதற்கு முன் சொல்லுங்கள்: உங்கள் கூடுகைக்குச் சாதி விட்டுச் சாதி திருமணம் செய்த பிள்ளைகளுக்கும் அழைப்பு உண்டா?

மணப்பாட்டு மருமகள்:

ஒரு குடும்பம் ஒன்றுகூடிச் சாப்பிட்டுச் செபிப்பதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். பெயர் என்ன பாவம் செய்தது? சுனாமியின்போது கரையில் எங்கள் பெயர்களைச் சொல்லித்தான் ஆட்களைத் தேடினோம். அந்தப் பெயரில் சேவை செய்தவர்களும் உண்டு. வல்லநாட்டில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து தூத்துக்குடியின் தாகம் தீர்த்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து யார்? தண்ணீர்க் குழாய் தெருவுக்குத் தெரு சாதி பார்த்தா ஓடியது?

தெற்குத் தெரு:

அக்கா, குழாயை நான் குறை சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

மட்டுறுத்துனர்:

கேள்வி நியாயமானது, இருக்கட்டும். ஆட்களைத் தாக்காமல் தொடருங்கள்.

ஏட்டுப்புழு:

பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் தெற்குத் தெரு நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பழைய ஏடுகளில் சாதிக் குறிப்பை நானே பார்த்திருக்கிறேன். லத்தீனில் எழுதியிருக்கும்: நாள், குழந்தையின் பெயர், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர், குருவின் கையெழுத்து. ஓரத்தில் பின்னாளில் வேறு மையில் திருமணக் குறிப்பு. இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துப் பெயர் தெரியும். இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கிய சாதிப் பெயர் மட்டும் எந்தப் பூச்சிக்கும் அகப்படாமல் தெளிவாக இருக்கும். எரிச்சலாக வரும்.

ஆனால் இந்த இழைக்கு மிகப் பொருத்தமான ஒருவரை யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக் அடிகளார். 1546இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் பணியாற்றியவர். தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்து 1600இல் இறந்தார்.

அவருடைய வம்சம் என்ன தெரியுமா? யூத வழி வந்த குடும்பம். அக்காலப் போர்ச்சுகலில் 'புதுக் கிறிஸ்தவர்' என்று தாழ்த்திச் சொன்னார்கள். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். முன்னோர் யூதர் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு இயேசு சபை ஏற்றுக்கொண்டது. அந்த இயேசு சபையும் 1593இல், அவர் புன்னைக்காயலில் உயிரோடு இருக்கும்போதே, யூத வம்சத்தாரைச் சேர்ப்பதில்லை என்று சட்டம் போட்டது. இயேசுவையும் பவுலையும் சேர்க்க முடியாத சட்டம் என்று அதை எழுதியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நம் முன்னோருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர், வம்சம் சரியில்லை என்று கதவுக்கு வெளியே தள்ளப்பட்டவர். உங்களுக்குப் பெயர் கொடுத்த ஏதோ ஒரு மச்சாடோவைவிட உங்கள் விசுவாசத்துக்குத் தகப்பன் என்று சொல்லத் தகுந்தவர் இவர்தான். பெயரை அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பனையடி:

இதை இவ்வளவு நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே. தம்பிரான் வணக்கம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது. ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த மனிதர் துரத்தப்பட்ட கதை வரவில்லை.

தெற்குத் தெரு அண்ணாவுக்கு: எஸ்றா 2இல் வம்ச அட்டவணையில் பெயர் கிடைக்காததால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டவர்கள் வருகிறார்கள். அதே வேதாகமத்தில் எபிரெயர் 7இல் மெல்கிசேதேக்குக்குத் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை, வம்சவரலாறும் இல்லை; ஆபிரகாமே அவனுக்குத் தசமபாகம் கொடுக்கிறான். என் போன்றவர்கள் பிடித்துக்கொள்வது அந்தப் பக்கத்தைத்தான்.

தெற்குத் தெரு:

தங்கச்சி, நல்ல வசனம். மெல்கிசேதேக்கை எந்தப் பக்கம் அடக்கம் செய்வது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சலாபம்:

எல்லாவற்றையும் வாசித்தேன். கேள்விக்கு முதலில் பதில். எங்கள் சித்தப்பா மகள் ஒருத்தி வேறு சாதியில் மணந்து திருச்சியில் இருக்கிறாள். அழைப்புப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பட்டியல் போட்டது நான் இல்லை, ஆனால் பார்த்தும் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். நேற்று இரவு அவளிடம் தொலைபேசியில் பேசினேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை. பெரியப்பாவிடமும் பேசினேன், அந்த உரையாடலை இங்கே எழுத முடியாது.

பேச்சை மாற்றிவிட்டேன். பேரி மரம், கருவாலி, காடு எல்லாம் போயிற்று. மத்தேயு 3இல் ஒன்பதையும் பத்தையும் சேர்த்தே வாசிக்கப் போகிறேன். பிறகு 1537, சவேரியாரின் கடிதம், 1658. கடைசிப் பத்து நிமிடம் அண்டிரிக் அடிகளாருக்கு. மத்தேயு முதல் அதிகார வம்ச அட்டவணையில் தாமார், ராகாப், ரூத்து, உரியாவின் மனைவி என்று வரும் நான்கு பெண்களைப் பற்றிப் பேசத் தங்கையிடம் கேட்டிருக்கிறேன். அந்த நால்வரில் யாரை எங்கள் பெரியப்பா கூடுகைக்கு அழைத்திருப்பார் என்று தொடங்குவேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே சிக்கல். சந்தாரெம் கோட்டைக் கதவை உடைத்த கதையை நீக்கியதாகச் சொன்னதும் அத்தைகள் இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சிறுபிள்ளைகளுக்குப் பிடிக்கும், கட்டாயம் சொல் என்கிறார்கள்.

தாமிரபரணி:

சொல்லுங்கள் சகோதரரே, கோடரிக் கதை பிடிக்காத பிள்ளை உண்டா? யாருடைய பாட்டன் என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். பெரியப்பா எழுந்து போய்விட்டால் இங்கே வந்து எழுதுங்கள்.